சூடானதும் ஸ்டார்ட் எடுக்காத 24 வோல்ட் எல்ஃப் லொறி

வத்தளை லொறி

என்னிடம் இருப்பது 1992 இசுசு எல்ஃப், 24 வோல்ட். அப்பா ஓட்டிய லொறி, இப்போது நான் ஓட்டுகிறேன். விடிய மூன்றரைக்கு வத்தளையில் திறப்பைத் திருப்பினால் முதல் அடியிலேயே எடுக்கிறது. பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி ஏற்றி, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கடைகளுக்கு இறக்கிக்கொண்டு போவேன். பிரச்சினை மூன்றாவது, நான்காவது கடையில்தான் வரும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டு மறுபடி திறப்பைத் திருப்பினால் கீழே ஒரே ஒரு ‘டக்’. ஸ்டாட்டர் மோட்டர் சுற்றாது. ஏழெட்டுத் தடவை திருப்பினால் சில நேரம் பிடிக்கும். இல்லாவிட்டால் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். காலி வீதியில் காலை ஏழு மணிக்கு அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன் இரண்டு பற்றரியும் புதிதாகப் போட்டேன். ஒரு கராஜில் ஸ்டாட்டரைக் கழற்றி பிரஷ், புஷ் மாற்றினார்கள். இப்போது ஸ்டாட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஜப்பான் பழசு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். காசைக் கொடுக்க முன் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

கிராண்ட்பாஸ் கென்டர்

தம்பி, என் கென்டர் லொறியிலும் இதேதான். எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே, பற்றரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் பட்டி உள்ளே பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது. வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரிந்தது. அதை முதலில் பாருங்கள்.

பழைய வயரிங் பாஸ்

தம்பி, ஸ்டாட்டர் வாங்குவதை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். முப்பது வருடம் லொறி வயரிங் செய்தவன் நான். அளக்காமல் மாற்றிய நல்ல ஸ்டாட்டர்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன.

ஒன்று சொல்லுங்கள்: ‘டக்’ கேட்கும்போது ஹெட்லைட் மங்குகிறதா, அப்படியே எரிகிறதா? நன்றாக மங்கினால் பற்றரி பலவீனம், இல்லை பற்றரி முனை இறுக்கமில்லை, அதுவும் இல்லையென்றால் மோட்டர் இறுகி நின்று கரண்டை இழுக்கிறது. மங்காமல் எரிந்தால் மோட்டருக்குக் கரண்ட் போகவே இல்லை. தேட வேண்டிய இடமே வேறு.

அப்புறம் ஒரு டிஜிட்டல் மீட்டர் எடுங்கள். வீட்டில் நின்றுகொண்டு அளந்து பயனில்லை, குளிர்ந்த லொறி எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான் சொல்லும். கோளாறு வந்து நிற்கும் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். அதனால் முதல் நாளே மூன்று மீட்டர் நீளத்தில் இரண்டு வயர் எடுத்து, நுனியில் கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கெபினுக்குள் உங்கள் மடியில் இருக்கட்டும். கிளிப்பைக் கீழே மாட்டிவிட்டுத் திறப்பை ஸ்டார்ட்டில் பிடித்தபடி வாசியுங்கள்.

நான்கு இடம். முதலில் இரண்டு பற்றரிக்கும் சேர்த்து. ஓய்வில் 25.2க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. மோட்டர் சுற்றும்போது 19க்குக் கீழே விழக்கூடாது. பிறகு பற்றரி பிளஸ் முனையிலிருந்து ஸ்டாட்டரின் பெரிய போல்ட்டுக்கு, அடுத்து பற்றரி மைனஸிலிருந்து ஸ்டாட்டரின் உடம்புக்கு. இந்த இரண்டிலும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரோ முனையோ கெட்டது. கென்டர் அண்ணன் சொல்லும் எர்த் இதில் பிடிபடும். ஆனால் மோட்டர் கரண்ட் இழுத்தால்தான் இந்த இரண்டு அளவும் பேசும். முகத்துவாரம், மட்டக்குளி பக்கம் கடற்காற்றில் நிற்கும் லொறிகளில் எர்த்தை நான் எப்போதும் சந்தேகப்படுவேன்.

நான்காவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மோட்டருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்தச் சுவிச்தான் சொலனொயிட். அதில் திறப்பிலிருந்து வரும் மெல்லிய வயர் ஒன்று இருக்கும். அந்த முனைக்கும் ஸ்டாட்டர் உடம்புக்கும் நடுவே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். சூட்டில் மட்டும் வரும் கோளாறு அநேகமாக இங்கேதான். செம்புச் சுருள் 60 பாகை கூடச் சூடானால் அதன் தடை ஏறத்தாழ கால் பங்கு கூடிவிடும். விடிய குறைந்த வோல்ட்டிலும் சமாளித்த சொலனொயிட், சூடானதும் பாதி இழுத்து ‘டக்’ என்று நின்றுவிடும்.

கெஞ்சிக் கேட்கிறேன், அளக்கும்போது நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஸ்க்ரூ ட்ரைவரால் ஸ்டாட்டர் முனைகளைத் தொடுத்துப் பார்க்காதீர்கள். கியரில் நின்ற லொறியை அப்படி ஸ்டார்ட் பண்ணிய ஒரு பையனின் கால் மேல் சில்லு ஏறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

வத்தளை லொறி

பாஸ், மிக்க நன்றி. நேற்று வெள்ளவத்தையில் நின்றது, அங்கேயே அளந்தேன். லைட் கொஞ்சமும் மங்கவில்லை.

பற்றரி ஓய்வில் 25.2, ‘டக்’ கேட்கும்போது 24.9. பிளஸ் பக்கம் 0.1, எர்த் பக்கமும் 0.1. மெல்லிய வயரில் மட்டும் 15.8. மூன்று தடவை பார்த்தேன், 16ஐத் தாண்டவே இல்லை.

பழைய வயரிங் பாஸ்

கிடைத்துவிட்டது தம்பி. ‘டக்’ நேரத்தில் பற்றரி 24.9இலேயே நிற்கிறது என்றால் மோட்டர் கரண்டே கேட்கவில்லை. அதனால் உங்கள் 0.1களை வைத்து தடித்த வயர் நல்லது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, மோட்டர் சுற்றும்போது திரும்ப அளந்து பாருங்கள். ஆனால் மெல்லிய வயரில் 9 வோல்ட் வழியிலே எரிந்து போகிறதே, அதுதான் குற்றவாளி. ஸ்டார்ட் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிச், இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே திறப்பு சுவிச்சின் செருகியையும் கழற்றிப் பாருங்கள்.

வத்தளை லொறி

ரிலே இல்லை! அது இருந்த இடத்தில் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. டேப் கல்லாகக் காய்ந்து போயிருக்கிறது, அப்பா காலத்து வேலையாக இருக்க வேண்டும். சுவிச் செருகியில் ஒரு முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருக்கிறது.

பழைய வயரிங் பாஸ்

சொலனொயிட் இழுக்கும் கரண்ட் முழுவதும் இத்தனை வருடம் அந்தச் சின்ன சுவிச் வழியாகப் போயிருக்கிறது. ரிலே போட்டால் சுவிச்சுக்கு அரை ஆம்பியர் வேலைகூட இருக்காது.

24 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே, சொக்கெட்டோடு வாங்குங்கள். மேலே 24 என்று அச்சிட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள், 12ஐப் போட்டால் சுருள் கருகிவிடும். ஸ்டாட்டரின் பெரிய போல்ட்டிலிருந்து பியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு. 87இலிருந்து சொலனொயிட்டுக்கு. திறப்பிலிருந்து வரும் வயர் 86க்கு, 85 எர்த். கை வைக்க முன் பற்றரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். உருகிய செருகியையும் விட்டுவைக்காதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

கிராண்ட்பாஸ் கென்டர்

தம்பி, லொறியில் பாட்டு செட் இருக்கிறதா? எந்தப் பற்றரியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்? தொடராக இணைத்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அது இறங்கிக்கொண்டே போகும். சார்ஜ் இரண்டுக்கும் ஒரே அளவில்தான் ஓடும். இறங்கியது நிறையாது, மற்றதில் தண்ணீர் வற்றும். என் பற்றரிகள் இரண்டு தடவை அப்படித்தான் போயின. தனித்தனியாக அளந்து பாருங்கள்.

வத்தளை லொறி

அண்ணன், சரியாகச் சொன்னீர்கள். செட்டும் போன் சார்ஜரும் கீழ்ப் பற்றரியில்தான் இருக்கின்றன. ஒன்று 12.8, செட் இருக்கும் பற்றரி 12.4. பழைய பற்றரிகளில் ஒன்று முதலில் செத்ததும் அதனால்தான் போலிருக்கிறது.

ரிலே ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். மெல்லிய வயரில் இப்போது 24.3. மோட்டர் சுற்றும்போது பிளஸ் பக்கம் 0.3, எர்த் 0.2. பாஸ், ஆறு நாளாக ஒரு கடையிலும் ‘டக்’ இல்லை. வெள்ளவத்தையில் வேண்டுமென்றே சூட்டோடு சூடாக நான்கு தடவை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், நான்கு தடவையும் முதல் அடி. பஞ்சிகாவத்தை நானாவிடம் ஸ்டாட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். அதைப் பூட்டி, கீழ்ப் பற்றரியைத் தனியாகச் சார்ஜ் பண்ணிவிட்டு இரண்டின் அளவையும் இங்கே எழுதுகிறேன்.