அப்பாவின் ஸ்கேனில் கறுப்பு பெரிதானபோது

கும்பகோணத்தான்:
மூளை ரத்தக்கசிவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். முதலில் என் கதை.

அப்பாவுக்கு 71. போன ஆவணியில் ஒருநாள் காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவி வேட்டியெல்லாம் காபி. துடைக்கக்கூடக் கை எழும்பவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று பிபி மாத்திரையை வாரக்கணக்கில் விட்டுவிடுகிற ஆள். சி.டி.யில் மூளையின் நடுவே தலாமஸ் என்கிற பகுதியில், இடது பக்கம் வெள்ளையாக, கோலிக்குண்டு மாதிரி ரத்தம். ஆபரேஷன் வேண்டாம், பிபியைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்றார்கள். பேச்சும் மெதுவாகத் திரும்பியது.

12-ஆம் நாள் எம்.ஆர்.ஐ. பிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், கோலிக்குண்டு இருந்த இடத்தில் கரி பூசிய நெல்லிக்காய்! கவுன்ட்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "பெருசாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வீட்டில் பையனின் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்தேன், ஒன்றரை மடங்கு. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். மறுநாள் நியூரோ டாக்டர் அதே பிலிமைப் பார்த்து, "சரியாத்தான் போய்க்கிட்டிருக்கு" என்கிறார். ரிப்போர்ட்டில் 'ப்ளூமிங்' என்று ஒரு சொல். என்ன பூக்கிறது அங்கே?

ஸ்கேன் ரூம் அக்கா:
தம்பி, 14 வருஷமாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் நான். ஸ்கேலால் அளந்தீர்களே, பிலிம் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடு போட்ட அளவுகோல் இருந்ததே, அதைப் பார்த்தீர்களா? சி.டி. பிலிமும் எம்.ஆர்.ஐ. பிலிமும் ஒரே அளவில் அச்சாவதில்லை.

அதைச் சரிசெய்தாலும் கறுப்பு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். நீங்கள் பார்த்தது எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகை எம்.ஆர்.ஐ. படம், இரும்பு இருந்தால் உடனே காட்டிவிடும். ரத்தத்தில் உள்ள இரும்பு சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைக் கலைக்கிறது, கலைந்த இடமெல்லாம் கறுத்துப்போகிறது. கசிவைவிட அதன் நிழல் பெரிது, அதுதான் ப்ளூமிங். கடுகளவு பழைய கசிவையும் காட்டிக்கொடுக்கும் படம் அது. அளவெடுக்க மட்டும் லாயக்கில்லை.

இன்னொன்று. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் இழுக்காது, ஆக்ஸிஜனை இழந்தால் இழுக்கும். வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-லேயே கண்டது இது. எம்.ஆர்.ஐ. என்ற பேச்சே அப்போது கிடையாது. கசிந்த ரத்தம் முதல் சில நாளில் டி2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கறுக்கும். மூன்று நாளுக்கு மேல் அதிலுள்ள ஹீமோகுளோபின் மெட்ஹீமோகுளோபின் என்ற வேறு வடிவமாக மாற, டி1 என்ற இன்னொரு வகைப் படத்தில் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளுத்துக்கொண்டே வரும். மாதங்கள் போனால் ஹீமோசிடெரின் என்ற துருக்கறைதான் மிச்சம். படத்தின் நிறத்தை வைத்தே ரத்தம் எத்தனை நாள் பழசு என்று ரேடியாலஜிஸ்ட் ஓரளவு சொல்லிவிடுவார். நிறம் மாறினாலே குடும்பம் கலங்கிவிடுகிறது. கவுன்ட்டரில் வாய்விட்டவரைச் சொல்ல வேண்டும்.

(ஸ்கேனுக்கு வரும் பெண்கள் தாலியைக் கழற்றத் தயங்குவார்கள். தங்கத்தால் பெரிய தொல்லை இல்லை. அதில் கொத்தாகத் தொங்கும் இரும்பு ஊக்குகளைப் பார்த்தால்தான் எனக்குப் பிபி ஏறும்.)

எலிக்கூண்டு:
அக்கா சொன்ன அந்தக் கறுப்பு எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது. நான் ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்தில் எலிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். மூளைக்குள் துளி கொலாஜினேஸ் நொதியைச் செலுத்தினால் ரத்தநாளச் சுவர் கரைந்து கசிவு உண்டாகும். கசிவுக்குப் பிறகு அக்கம்பக்கத்து நாளங்கள் அழற்சியில் விசிஏஎம்-1 என்ற புரதத்தை உள்சுவரில் நீட்டும். ஓடுகிற வெள்ளணுக்கள் பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. அதைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை, ஒரு மைக்ரான் அளவு இரும்பு ஆக்ஸைடு உருண்டையில் ஒட்டி வால் நரம்பில் ஏற்றினால், கொக்கி உள்ள இடத்தில் உருண்டை தங்கிக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மூலக்கூறு எம்.ஆர்.ஐ. என்பது இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு குழு 2007-ல் எலி மூளையில் செய்து காட்டியது.

வாலை வெதுவெதுப்பாக்கி நரம்பைத் தேடி ஊசி போட்டு, மூச்சு சீராகும்வரை காத்திருந்து, நள்ளிரவில் படம் வந்தது. புள்ளி புள்ளியாகக் கறுப்பு. துள்ளினேன்! காலையில் சீனியர் கேட்டார்: "ஊசிக்கு முன்னாடி எடுத்த படம் எங்கே?" எடுக்கவில்லை. கசிந்த ரத்தமும் கறுப்பு, என் உருண்டையும் கறுப்பு. எது எது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஏழு எலிகள் வீண்.

மனிதர்களுக்கு இது இன்னும் வரவில்லை. அந்த உருண்டையின் பிளாஸ்டிக் பூச்சு உடலில் கரையாது. பிரான்சின் நார்மண்டியில் கான் நகரத்துக் குழு, தோலுக்கு நிறம் தரும் மெலனின் மாதிரியான பாலிடோபமைனைக் கொண்டு இரும்புத் துணுக்குகளை ஒட்டி, உடல் சிதைத்துவிடக்கூடிய உருண்டை செய்திருக்கிறது.

தலசீமியா அம்மா:
இரும்பு என்றதும் எட்டிப் பார்த்தேன். என் மகளுக்குத் தலசீமியா, அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் இரும்பு சேரும். அதை வெளியேற்ற வாரத்தில் ஐந்து ராத்திரி டெஸ்ஃபெரால் என்ற மருந்தைப் பம்ப் வழியாக ஏற்றுவோம். இதயத்திலும் ஈரலிலும் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எடுப்போம். கசிந்த ரத்தத்தின் இரும்பை எடுக்க அந்த மருந்தையே மூளைக் கசிவுக்கும் கொடுத்தால் என்ன?

எலிக்கூண்டு:
கொடுத்துப் பார்த்துவிட்டார்கள் அக்கா. டெஸ்ஃபெராலில் உள்ள அதே டெஃபெராக்ஸமின், தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 32 மி.கி., மூன்று நாள். ஐ-டெஃப் என்ற அந்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. 90-ஆம் நாளில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 34 சதவீதம், பெறாதவர்களில் 33. வித்தியாசமே இல்லை. உங்கள் மகளுக்கு ஈரலில் இரும்பை எண்ணிப் பார்த்து டோஸை மாற்றுகிறார்கள் இல்லையா, அதுபோல மூளையிலும் எண்ணிக்கொண்டே மருந்து கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கியூ.எஸ்.எம். என்ற எம்.ஆர்.ஐ. முறையில் இரும்பின் அளவை எண்ணாகவே எடுக்கலாம், ப்ளூமிங் தொல்லையும் குறைவு.

கும்பகோணத்தான்:
அக்கா, நீங்கள் சொன்னபடி அந்த எஸ்.டபிள்யூ.ஐ. படத்தை விட்டுவிட்டு, வேறு படத்தில் ஓர அளவுகோலை வைத்து மறுபடி அளந்தேன். கசிவு கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். அத்தை மட்டும் மஞ்சள் துணியை அவிழ்க்க மாட்டேன் என்கிறார். அப்பா இப்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார், பக்கத்தில் மாத்திரை டப்பா.