மறு: ஸ்டட்புக் – ‘தூய இனப் பதிவேடு’ வேண்டாமே

மஞ்சக்குப்பம் ஐயாவுக்கு வணக்கம்.

குதிரைக்குட்டிப் பதிவு பற்றிய நம் தமிழ்க் குறிப்புக்கான சொற்களைப் பற்றி எழுதுகிறேன். குதிரை இனச் சங்கங்கள் குட்டிகளின் தாய் தகப்பனைப் பதிந்து வைக்கும் ஏடுதான் ஸ்டட்புக். அதற்கு நீங்கள் சொன்ன ‘தூய இனப் பதிவேடு’ தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்துக்குச் சரியாகப் பொருந்தும். அது மூடிய ஏடு. தாயும் தகப்பனும் தரோபிரெட்டாக இருந்தால்தான் குட்டிக்கு இடம். வார்ம்பிளட் என்ற சவாரிக் குதிரை வகையின் சங்கதி வேறு. அந்த வகையைச் சேர்ந்த ஹனோவர், ஓல்டன்பர்க் என்ற ஜெர்மன் இனங்களின் ஏடுகள் திறந்தவை. ஹனோவர் பெட்டைக்குத் தரோபிரெட் பொலிக்குதிரையை, அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரையை, சேர்த்துப் பிறந்த குட்டியையும், அந்தப் பொலிக்குதிரை சங்கத்தின் ஒப்புதல் பெற்றிருந்தால், பதிந்துகொள்வார்கள். கலப்பு அங்கே குறையே இல்லை. கெடுபிடிக்குப் பெயர்போன டிராகேனர் என்ற வார்ம்பிளட் இனத்தின் ஏடுகூட தரோபிரெட், அரபு ரத்தத்தை உள்ளே விடுகிறது. அதை எப்படித் ‘தூய’ என்பது?

அதனால் ‘கால்வழி ஏடு’ என்கிறேன். யார் வயிற்றில் யாருக்குப் பிறந்தது என்பதை மட்டும் சொல்லும். தூய்மை பற்றி வாய் திறக்காது.

வார்ம்பிளட்டுக்கு ‘வெப்பக்குருதிக் குதிரை’யும் வேண்டாம். பள்ளிப் பாடத்தில் வெப்ப ரத்தப் பிராணி படித்த பிள்ளை, எல்லாக் குதிரையும் அப்படித்தானே என்று கேட்கும். துடிப்பான அரபுக்கும் சாதுவான பார வண்டிக் குதிரைக்கும் இடைப்பட்ட வகை என்பதே பொருள். உடல் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வார்ம்பிளட் என்றே இருக்கட்டும்.

தொல்காப்பிய மரபியல் குதிரைக்குட்டியை ‘மறி’ என்கிறது. அழகான சொல்தான். ஆனால் நம் கடலூர்ப் பக்கம் மறி என்றால் ஆடுதான் நினைவுக்கு வரும். குட்டியே போதும். ‘பெட்டை’ அதே மரபியலில் குதிரைக்கு உண்டு, இன்றும் புழங்குகிறது. பொலிகாளை என்று ஊரில் சொல்கிறோமே, அந்தப் ‘பொலி’யை விடவே கூடாது. பெட்டையை எந்தக் குதிரையோடு எந்த நாளில் சேர்த்தார்கள் என்று பொலிக்குதிரைக்காரர் தரும் தாளுக்குப் ‘பொலிச்சான்று’ என்று வைக்கலாம்.

அந்தத் தாளோடு வேலை முடிவதில்லை. மரபணுச் சோதனைக்குக் குட்டியின் பிடரி மயிரையோ வால் மயிரையோ அனுப்ப வேண்டும். கத்தரியால் வெட்டினால் பயனில்லை. வேரோடு பிடுங்கினால்தான் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் அந்தக் குமிழ் கிடைக்கும். குறிப்பில் ‘மயிர் மாதிரி’ என்று மொட்டையாக எழுதினால் யாராவது வெட்டித்தான் அனுப்புவார்கள். ‘வேர்மயிர்’ என்றே எழுதுவோம்.

அப்புறம், ‘கலப்பினக் குட்டி’. புதுச்சேரியில் ஒருவர் மார்வாரி என்ற நாட்டுக் குதிரைப் பெட்டைக்கு ஹனோவர் விந்து போட்டுக் குட்டி எடுத்தால் அதுவும் கலப்பினம், மேலே சொன்ன தரோபிரெட் கலப்பும் கலப்பினம். ஆனால் பின்னதற்கு ஏட்டில் இடம் உண்டு. மார்வாரித் தாயின் குட்டி பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் வளர்ப்பவர் பணத்தைக் கட்டிவிட்டு ஏமாறுவார். ‘ஒப்புதல் கலப்பு’, ‘வெளிக்கலப்பு’ என்று பிரித்துவிடலாம்.

கால்நடை இனவிருத்தி பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/1012 விதி, ஏட்டில் முதன்மைப் பகுதியோடு கூடுதலாக இன்னொரு பகுதியும் வைக்க இடம் தருகிறது. அதில் சேர்ந்த பெட்டையின் வாரிசுகள் தலைமுறை கடந்து முதன்மைப் பகுதிக்கு ஏறலாம். இப்போதைக்குத் ‘துணைப் பகுதி’ என்று எழுதியிருக்கிறேன். ஏறும் வழி உண்டு என்பது அதில் தொனிக்கவில்லை. ‘ஏறுபகுதி’ சரிப்படுமா ஐயா?