லேப்டாப் இன்னும் மும்பையிலேயே இருக்கிறது

ஜெர்மனிக்குப் புதிதாக வந்து கிளவுட் வேலையில் சேரப் போகிறவர்களுக்கு இது. வீடு, விலாசப் பதிவு, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். டெர்மினல் பக்கம், அதாவது கமாண்ட் அடிக்கும் திரைப் பக்கம், யாரும் வரவில்லை.

சென்னையில் இருந்தவரை என் ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐயில் (அமேசான் கிளவுடை டெர்மினலிலிருந்து இயக்கும் கருவி) டீஃபால்ட் ரீஜன், அதாவது வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் டேட்டா சென்டர் இடம், ஏபி-சவுத்-1. அது மும்பை. இங்கே கொடுத்த புது லேப்டாப்பிலும் பழைய கன்ஃபிக் ஃபைலை அப்படியே தூக்கிப் போட்டேன். இரண்டாவது வாரம் ஒரு எஸ்3 பக்கெட் (கிளவுடில் ஃபைல்களைப் போட்டுவைக்கும் இடம்) உருவாக்கி, வாடிக்கையாளர் முகவரிகள் இருந்த ஃபைலை ஏற்றினேன். எரர் எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து டீம் லீட் அமைதியாகக் கேட்டார்: "இது ஏன் மும்பையில் இருக்கிறது?"

2018 மே மாதம் முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி (இங்கே டிஎஸ்ஜிவிஓ என்பார்கள்) தனிநபர் தரவை ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டுபோக முறையான ஏற்பாடு வேண்டும். நான் ஒரே கமாண்டில் கொண்டுபோயிருந்தேன். பக்கெட்டின் ரீஜனைப் பிறகு மாற்றவும் முடியாது. ஃபிராங்க்ஃபர்ட்டில், அதாவது இயூ-சென்ட்ரல்-1இல், புதிதாக ஒன்று உருவாக்கி, பழையதை அழித்து, தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு விளக்கம் எழுதி... போதும், விடுங்கள்.

அன்றிலிருந்து எதையும் தொடும் முன் இரண்டு கமாண்ட் அடிக்கிறேன். 'எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி' நான் எந்த அக்கவுண்டில், யாராக இருக்கிறேன் என்று சொல்லும். 'கன்ஃபிகர் லிஸ்ட்' எந்த ரீஜன் என்பதோடு, அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்றும் காட்டும். எங்கிருந்து வந்தது என்று காட்டும் அந்தக் கடைசி நெடுவரிசையைக் கவனித்துப் பாருங்கள். ஷெல்லில், அதாவது கமாண்டை வாங்கி இயக்கும் ப்ரோக்ராமில், ரீஜனைச் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள் (அது நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) ஒன்று ஒளிந்திருந்தால், ஃபைலில் என்ன மாற்றினாலும் அதுதான் ஜெயிக்கும்.

இன்னொன்று, டீஃபால்ட் என்ற ப்ரொஃபைலையே (ஒரு அக்கவுண்டுக்கான லாகின் விவரமும் ரீஜனும் சேர்ந்த தொகுப்பு) வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். பெயர் சொல்லாமல் கமாண்ட் அடித்தால், தவறான அக்கவுண்டில் ஓடாமல், கிரெடென்ஷியல் (லாகின் விவரம்) இல்லை என்று சிஎல்ஐ நின்றுவிடும். அந்த எரர்தான் நமக்கு வேண்டும்.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகளின் நேரம் பெரும்பாலும் யுடிசியில்தான் (உலகப் பொது நேரம்) இருக்கும். ஊரில் ஐந்தரை மணி நேரம் கழித்தால் கணக்கு முடிந்தது. இங்கே குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் இரண்டு.

சொந்த ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் பழைய போனை விற்கும் முன் புது போனிலும் எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு) பதிந்துவிடுங்கள். ஒரு யூசருக்கு 8 எம்எஃப்ஏ சாதனங்கள் வரை பதியலாம். இந்திய கார்டு இணைத்திருந்தால் ஓடிபிக்காக ஊர் சிம்மையும் உயிரோடு வைத்திருங்கள்.

அப்புறம் ஜெர்மன் கீபோர்டு. யாரும் சொல்ல மாட்டார்கள், முதல் நாளே அழ வைக்கும். ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். ஹைஃபன் என்று பழக்கத்தில் விரல் போகும் இடத்தில் எஸ்ட்செட் என்ற ஜெர்மன் எழுத்து உட்கார்ந்திருக்கும். சிஎல்ஐயில் எந்த ஆப்ஷனுக்கும் முன்னால் இரண்டு ஹைஃபன் வேண்டுமே! சாய்கோட்டுக்கு ஷிஃப்டும் 7உம், சதுர அடைப்புக்கு ஆல்ட்ஜிஆரும் 8உம். பைப் குறி (|) எங்கே என்று நான் ஒரு மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்தபடியே தேடியிருக்கிறேன்.

வேலையில் சேரும் முன் லேப்டாப் பற்றி ஹெச்ஆர் மெயில் அனுப்புவார்கள். யுஎஸ் லேஅவுட் வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். பெட்டி வந்தபிறகு கேட்டால் ஸ்டிக்கர்தான் தருவார்கள்.