குற்றவாளி பிடிபடாத வழக்கில் இழப்பீடு கிடைக்குமா?

சென்னிமலைப் பேரன்:
வணக்கம். சென்னிமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாகக் குடியிருக்கும் என் அம்மிச்சி, நான்கு மாதங்களுக்கு முன் விடியற்காலையில் பால் கறக்க எழுந்து வந்தபோது, முகத்தை மூடிய இருவர் அவரைக் கட்டையால் அடித்துக் கழுத்துச் சங்கிலியைப் பறித்துச் சென்றனர். வலது மணிக்கட்டு உடைந்து தகடு வைத்திருக்கிறார்கள். கறவைக்குக் கை ஒத்துழைக்காததால், அவருடைய பிழைப்பாக இருந்த இரண்டு எருமைகளையும் விற்றுவிட்டோம். வழக்குப் பதிவாகியிருக்கிறது; ஆனால் இதுவரை யாரும் பிடிபடவில்லை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகே இழப்பீடு கேட்க முடியும் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையா?

ஈரோடு வழக்குரைஞர்:
உண்மையன்று. குற்றவாளி யாரென்றே தெரியாத நிலையிலும், நீதிமன்ற விசாரணையே நடைபெறாத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருப்பவரோ இழப்பீடு கோரி விண்ணப்பிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்று இருந்த பிரிவுதான் இது. விண்ணப்பத்தை ஈரோட்டிலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுங்கள். மாவட்ட நீதிபதியே அதன் தலைவர். விண்ணப்பத்தின் மீதான விசாரணையை ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அதற்கிடையில் மருத்துவச் செலவுக்கு இடைக்கால நிவாரணமும் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். சட்டம் பேசுவது மறுவாழ்வைப் பற்றி. ஆகவே மனுவில் சங்கிலி எத்தனை பவுன் என்று விரிவாக எழுதுவதைவிட, கை போனதால் கறவை நின்றதையும் எருமைகளை விற்க நேர்ந்ததையும் விரிவாக எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்குரைஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். மேலும், புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை தெரிவித்தாக வேண்டும். நான்கு மாதம் ஆகிவிட்டதால், அதையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

பல்லடத்திலிருந்து ஒருவர்:
விசைத்தறிக்கு இரவு வேலைக்குப் போன என் தம்பி வழியில் வெட்டுப்பட்டபோது, நாங்களும் தீர்ப்பு வரட்டும் என்றே இரண்டு ஆண்டுகளை வீணாக்கினோம். பிறகு கொடுத்த மனுவும், காயச் சான்று இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. அதைவிட வருத்தம், மருந்துக்கடை ரசீதுகள் பெட்டிக்குள் கிடந்தே எழுத்து மங்கி வெற்றுத் தாளாகிப் போனதுதான். எத்தனை செலவழித்தோம் என்று காட்ட எங்களிடம் பாதிக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. தயவுசெய்து இன்றே எல்லா ரசீதுகளையும் நகலெடுத்து வையுங்கள். பால் சொசைட்டியில் ஊற்றியிருந்தால் அந்தக் கணக்குப் புத்தகத்தையும் இணையுங்கள். வருமானம் நின்றதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோபி வாசகி:
பணத்தைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். அம்மிச்சி இரவில் உறங்குகிறாரா? கூப்பிடு தூரத்தில் வீடில்லாத சாளையில் அடிபட்டவருக்கு நாய் குரைத்தாலே நெஞ்சு பதறும். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசினால் ஒருங்கிணைந்த சேவை மையத்துடன் இணைப்பார்கள். அங்கே மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். நாளை யாராவது பிடிபட்டு, அவர்களை அடையாளம் காட்டும் அணிவகுப்புக்குப் போக அவர் அஞ்சினால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியும் அந்த இலவச வழக்குரைஞரிடம் கேளுங்கள்.

சென்னிமலைப் பேரன்:
அனைவருக்கும் நன்றி. கோபி அம்மா, அம்மிச்சி உறங்குவதில்லை; விடியும்வரை திண்ணை விளக்கை அணைக்க விடுவதில்லை. சொசைட்டிப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை ஈரோடு செல்கிறோம். வலது கையால் அவரால் கையொப்பமிட முடியாததால், மனுவில் இடது பெருவிரல் ரேகை வைத்து, அதற்கான காரணத்தையும் எழுதிக் கொடுக்கிறோம்.