வாட் கூடினால் ஒலி சிறக்குமா? வீட்டு ஸ்டீரியோ பற்றிய அனுபவங்கள்

உவர்மலை வாசகன்:

எங்கள் தெருவில் உள்ள அண்ணர் ஒருவர் தமது 40 வாட் அம்பிளிபயரை விற்பதற்கென ஒதுக்கிவைத்துவிட்டு, 100 வாட் உள்ள ஒன்றை வாங்கினார். ஸ்பீக்கர்கள் பழையவையே. "சத்தமே மாறிப்போச்சு, வந்து கேளும் தம்பி" என்று அழைத்தார். கேட்டபோது முன்னையதைவிட நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டிலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஒன்பது மணி நிலையிலேயே வைத்து அவர் ஒப்பிட்டிருந்தார். குமிழ் நிற்கும் இடம் வாட்டைக் காட்டுவதில்லை. ஓர் அம்பிளிபயர் சிறிய திருகலிலேயே உரத்து ஒலிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். சற்றே உரத்து ஒலிப்பதைத் தரம் கூடியதாகக் காது எடுத்துக்கொள்ளும்.

ஆகவே 60 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீற்றரை வைத்து, இரண்டு அம்பிளிபயர்களிலும் ஒரே வோல்ற்றளவு வரும்வரை குமிழ்களைத் திருகினோம். அதன் பின், எது ஓடுகிறது என்று சொல்லாமல் நான் கம்பிகளை மாற்றிக்கொண்டே இருக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வழமையாகக் கேட்கும் சத்தத்தில் பாடலை ஓடவிட்டபோது மீற்றர் 1.5 வோல்ற்றை ஒட்டியே அசைந்தது. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ற் என்பதே ஒரு வாட்தான். அப்படியானால் அந்தக் கூடத்தில் சராசரியாகச் செலவானது அரை வாட்கூட இல்லை. மேலும், ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபெல் கணக்கில் 40 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடைவெளி 4 டெசிபெல் மட்டுமே. சத்தம் இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட், வேண்டும்.

நிலாவெளிக் காற்று:

மேலே எழுதியவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் சராசரியை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. எங்கள் வீட்டில் கடலைப் பார்த்த திறந்த விறாந்தையில், ஸ்பீக்கரிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி இருந்து கேட்பதே வழக்கம். எனது ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு, ஒரு மீற்றர் தூரத்தில், 84 டெசிபெல்தான் தருபவை. 30 வாட் அம்பிளிபயரில் நாதஸ்வரம் தனித்து ஒலிக்கும்வரை குறை தெரியவில்லை. தவில் இறங்கியதும் ஒவ்வொரு அடியும் தகரத்தில் அடித்தாற்போல வெடித்தது.

திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறைவதால், நான் இருக்கும் இடத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஆளுக்கொரு வாட்டில் தருவது 75 டெசிபெல் அளவே. சராசரியாக 80 டெசிபெல்லில் கேட்க மூன்று வாட் போதும். ஆனால் தவிலின் அடி அதற்கு மேல் 15 டெசிபெல் எழுந்தால், அந்தக் கணத்துக்கு மட்டும் நூறு வாட் தேவைப்படுகிறது. கொடுக்க முடியாத அம்பிளிபயர் அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிடுகிறது; நாம் கேட்கும் வெடிப்பு அதுவே, உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் கருகுவதற்கும் பல வேளைகளில் அதுவே காரணம். 120 வாட் அம்பிளிபயருக்கு மாறிய பின் தவில் தவிலாகவே கேட்கிறது. எனினும் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர்களை வாங்கியிருந்தால், பழைய 30 வாட்டே போதுமாக இருந்திருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உப்புவெளி திருத்துநர்:

கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியைப் பாருங்கள். சிறிய அம்பிளிபயர் ஒன்றே அதை ஊர் எல்லைவரை கேட்கச் செய்கிறது. காரணம், அது ஒரு வாட்டுக்கு 100 டெசிபெல்லுக்கும் மேல் தருவது. அதில் பாஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, கிடையாது என்பதால் வீட்டுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

என்னிடம் வருபவர்களில் பலர் முகப்பில் ஒட்டியிருக்கும் "5000 வாட் பிஎம்பிஓ" (கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்காகப் போடும் அளவு) என்ற எழுத்தை நம்பி வருகிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டை வாசிக்கச் சொல்வேன்: 230 வோல்ற், 60 வாட் என்றிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் வாங்கும் பெட்டி அதற்கு மேல் தொடர்ந்து கொடுக்க வழியே இல்லை. அதிலும் ஒரு பகுதி வெப்பமாகவே போய்விடும்.

பாஸ் குறைந்துவிட்டது, ஆகவே பெரிய அம்பிளிபயர் வேண்டும் என்று கேட்பவர்களிடம் முதலில் ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிப் பார்க்கிறேன். கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் இந்த ஈரக்காற்றில் பொடிந்து, விரல் பட்டாலே உதிரும் நிலையில் இருப்பதுண்டு. கம்பி நுனிகளோ உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். அந்த ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் கொடுத்தாலும் பாஸ் திரும்பாது. வளையத்தை மாற்றி, நுனிகளைச் சுரண்டிப் புதிதாகப் பொருத்திக் கொடுத்தால், பழைய அம்பிளிபயரையே கொண்டுபோய்விடுகிறார்கள்.