புதுப்பிப்பு: தோட்டத்து வீட்டுக்கான கைத்துப்பாக்கி

குலசேகரத்தை அடுத்த ரப்பர் தோட்டத்தில் தனித்து நிற்கும் எங்கள் வீட்டின் பாதுகாப்புக்கு ரிவால்வர் (தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருப்பது) ஏற்றதா, பிஸ்டல் (தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டிருப்பது) ஏற்றதா என்று முன்பு கேட்டிருந்தேன். ரிவால்வர் என்று முடிவு செய்து, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உரிமத்துக்கு விண்ணப்பித்துள்ளேன்.

சிலர் பரிந்துரைத்த 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது என்பதால், என்னைப் போன்றோருக்கு அது பேச்சளவில் மட்டுமே. எனவே .32 (அங்குலக் கணக்கில் குழல் அளவு) பக்கம் திரும்பினேன். கான்பூரில் தயாராகும் ஆறு குண்டு ரிவால்வரை நான் தேர்ந்ததற்குக் காரணம், ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் விசையை மீண்டும் இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும் என்பதும், பிஸ்டலில் அதே நிலையில் ஸ்லைடை (மேலே முன்பின்னாக நகரும் பகுதியை) இழுத்துப் பழுதான தோட்டாவை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதும்தான். பதற்றத்தில் அது பழகாத கைக்கு எளிதன்று. விசை சற்றுக் கடினம் என்பதைப் பயிற்சியில் சரிசெய்துகொள்ளலாம்.

தோட்டா வாங்குவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இந்த ரிவால்வருக்குரியது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங்; பிஸ்டலுக்குரியது 7.65 மி.மீ. இரண்டையும் கடைகளில் .32 என்றே சொன்னாலும், ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுகள் செல்லும். தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரிடும். அப்போது காவல் வழக்கம்போல் எங்கள் நாயின் பொறுப்பே. உரிமத்துக்கான காவல்துறை விசாரணை முடிவதற்குள், பூட்டுள்ள இரும்புப் பெட்டியொன்றைச் சுவரில் பதித்துத் தருமாறு கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.