டோக்கியோவில் தெருமுனை சுஷி கடை: சைவம் ஒருவர், கர்ப்பிணி ஒருவர், மொத்தம் நான்கு பேர். எப்படிச் சொல்லி ஆர்டர் செய்வது?

எதோகவா_வாசி கேட்டது:

வணக்கம். நிஷி-கசாய் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், குடியிருப்புத் தெருவுக்குள் ஒரு சின்ன சுஷி கடை இருக்கிறது. வாசலில் நீலத் துணித் திரை. விலைப்பட்டியல் வெளியே இல்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. பெல்ட்டில் தட்டு சுற்றும் கடைகளில் டச் பேனலைத் தட்டிச் சாப்பிட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம்.

நானும் தம்பியும் எல்லா மீனும் சாப்பிடுவோம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நாலு பேருக்கும் சேர்த்து 15,000 யென்னுக்குள் முடியுமா? உள்ளே போனதும் என்ன சொல்ல வேண்டும்? எதில் தப்பு நடக்கும்?

தொயோசு_நடை:

முடியும். ஆனா முதல் தடவை மதியம் போங்க. மதியம் இந்த மாதிரிக் கடைகள்ல 'நாமி', 'ஜோ', 'தொக்குஜோ'ன்னு மூணு தரத்துல செட் இருக்கும். நாமி 1,000 யென்னுக்குக் கொஞ்சம் மேல, தொக்குஜோ 3,000 யென் வாக்குல வரும். ஒரு செட்டுல ஏழெட்டு நிகிரி (கையால பிடிச்ச சோத்து உருண்டை மேல மீன் வச்சது), ஒரு சின்ன ரோல், பெரும்பாலும் மிசோ சூப். மூணுக்கும் சுஷி பிடிக்கிற கை ஒண்ணுதான், மேல வைக்கிற மீன்தான் மாறும். நாமில டூனாவோட சிவந்த சதை, கணவாய், ஆக்டோபஸ், இறால். தொக்குஜோல கொழுப்புள்ள டூனா, கடல் முள்ளெலி, சால்மன் முட்டை எல்லாம் வரும். முதல் தடவைக்கு ஜோ போதும்னுதான் சொல்வேன். அந்தக் கடையோட சோறு எப்படின்னு அதுலயே தெரிஞ்சிடும்.

சாயங்காலம் கணக்கே வேற. ஒவ்வொண்ணா கேட்டு வாங்குறது 'ஒகொனோமி'. சுவத்துல மரப்பலகையில மீன் பேர் மட்டும் தொங்கும். சிலதுக்கு விலைக்குப் பதிலா 'ஜிகா'ன்னு எழுதியிருக்கும், அன்னைக்குச் சந்தை விலைன்னு அர்த்தம். பில் எகிறுறது இங்கதான். இன்னொண்ணு, நிகிரியை 'இக்கான்', 'நிகான்'னு எண்ணுவாங்க, அதாவது ஒண்ணு, ரெண்டு. சில கடையில கேட்டா ஜோடியாத்தான் வரும். பலகையில இருக்குற விலை ஒண்ணுக்கா ஜோடிக்கான்னு கேட்டுக்கங்க. சாயங்காலமே போகணும்னா தொகையை முதல்லயே சொல்லிடலாம்: "ஹிதோரி கோசென்-என் குராய் தே ஒனேகாய் ஷிமாஸு", ஒரு ஆளுக்கு 5,000 யென் அளவுக்குக் குடுங்கன்னு. இதைச் சொல்றதுல எந்த வெக்கமும் வேண்டாம். அதுக்குள்ள என்ன மீன் வைக்கலாம்னு கடைக்காரர் கணக்குப் போட்டுக்குவார், அவருக்கும் அது வசதி.

திரை தொங்கினா கடை திறந்திருக்கு. திரையை எடுத்து உள்ள வச்சிருந்தா மூடியாச்சு. உள்ள போனதும் "யோனின் தெஸ்", நாலு பேர். கவுன்ட்டர்ல எட்டு பத்து இடம்தான் இருக்கும். நாலு பேர் வரிசையா உக்காந்தா ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, அம்மாவுக்கும் நேர் எதிர்ல மீனை வெட்டிட்டிருப்பாங்க. மேஜை கேளுங்க. சில கடையில பாய் போட்ட மேடை இருக்கும், அதுக்குச் செருப்பைக் கழட்டணும்.

யாருக்கு எது ஆகாதுன்னு ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிடுங்க. செட்டுன்னா எல்லாத்தையும் பிடிச்சு ஒரே தட்டுல வைப்பாங்க, வந்தப்புறம் மாத்த முடியாது. வசாபி, அந்தக் காரமான பச்சை விழுது, மீனுக்கும் சோத்துக்கும் நடுவுல ஏற்கெனவே தடவித்தான் வரும். வேண்டாம்னா "சாபி-நுக்கி". சோறு கம்மியா வேணும்னா "ஷாரி சுக்குனாமே".

சாப்பிடுறதுல பெல்ட் கடைப் பழக்கம் கொஞ்சம் இடிக்கும். ஒரு நிகிரில சோறு 15 முதல் 20 கிராம்தான். வெளியில மட்டும் பிடிப்பு இருக்கணும், நடுவுல காத்து இருக்கணும்னு அமுக்காம பிடிப்பாங்க. உடம்புச் சூட்டுலதான் இருக்கும். அதை நேரா சோயால முக்கினா சோறு உறிஞ்சிப் பிரிஞ்சு கிண்ணத்துலயே பருக்கையா மிதக்கும். நிகிரியைப் பக்கவாட்டுல சாய்ச்சு, மீனையும் சோத்தையும் சேர்த்துப் பிடிச்சு, மீனோட நுனி மட்டும் சோயால படுற மாதிரி தொட்டு, ஒரே வாயில போடுங்க. கையால சாப்பிடலாம், நமக்கு அது சுலபம். பழுப்பா பளபளன்னு சாறு பூசி வர்ற அனாகோவுக்கு (வெந்த கடல் விலாங்கு) சோயா வேண்டாம், அதுல ஏற்கெனவே இனிப்பும் உப்பும் இருக்கு. கடல்பாசி சுத்தி மேல மீன் முட்டை வச்சதைச் சாய்க்க முடியாது. இஞ்சித் துண்டைச் சோயால நனைச்சு மேல தடவுங்க. பாசி சுத்தினது எதுவா இருந்தாலும் வந்ததும் சாப்பிட்டுடணும், சில நிமிஷத்துல ஈரம் ஏறித் தோல் மாதிரி இழுக்கும்.

சால்மன் இல்லேன்னு சொன்னா ஆச்சரியப்படாதீங்க. பச்சை சால்மன் சுஷி 1980-கள்ல நார்வேக்காரங்க சந்தைப்படுத்தின பிறகு பரவினது, பழைய பாணிக் கடைகள் சிலது இன்னமும் வைக்கிறதில்லை. அதுக்குப் பதிலா கொஹாதா கேளுங்க. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல இருக்குற வெள்ளித் தோல் மீன். பிளந்து முள்ளெடுத்து, உப்புல வச்சு, கழுவி, வினிகர்ல ஊறவச்சது. உப்பு நேரம் சில நிமிஷம் கூடினாலோ குறைஞ்சாலோ வாயில தெரிஞ்சிடும். ஒரு கடையை எடை போட எனக்கு இதைவிட நல்ல மீன் தெரியாது.

பில்லுக்கு "ஒ-காய்கே ஒனேகாய் ஷிமாஸு". டிப்ஸ் கிடையாது. கார்டு வாங்காத கடை நிறைய, ரொக்கம் கொண்டு போங்க.

பருப்புசாதம்:

அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் தவறு நடப்பது இதில்தான். "பெஜிதாரியன்" என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்றுதான் பலருக்குப் புரியும். மீன் குழம்பில் வெந்த காய் அவர்கள் கணக்கில் காய்தான். ஆகவே "சக்கானா மோ, கத்சுவோ தாஷி மோ, தமகோ மோ தாபேராரேமாசென்" என்று பிரித்துச் சொல்லுங்கள்: மீனும் ஆகாது, சூரைக் கருவாட்டில் எடுத்த சாறும் ஆகாது, முட்டையும் ஆகாது.

பார்த்தால் சைவம், உண்மையில் இல்லை என்பவை இவை. கன்ப்யோ ரோல்: சுரைக்காய் வற்றல்தான், ஆனால் பல கடைகளில் தாஷியில் வேகவைக்கிறார்கள். இனாரி: பொரித்த டோஃபு, அதுவும் பெரும்பாலும் தாஷியில் ஊறியது. மிசோ சூப்பும் அப்படியே.

தைரியமாக வாங்கக்கூடியது வெள்ளரிக்காய் வைத்த கப்பா மகி. பச்சைக் காய், சோறு, கடல்பாசி, அவ்வளவுதான். சோற்றில் சேர்ப்பது அரிசி வினிகர், உப்பு, சர்க்கரை. எள் தூவச் சொல்லலாம். நத்தோ (புளிக்கவைத்த சோயா பீன்ஸ்) ரோல் கேட்டால் கூடவே வரும் சாஸ் வேண்டாம், சோயா மட்டும் போதும் என்று சொல்லுங்கள், அந்தச் சாஸில் தாஷி இருக்கும். உமே-ஷிசோ ரோலில் உள்ள புளிப்புப் பழ விழுதில் சில சமயம் கருவாட்டுத் தூள் கலந்திருக்கும். அதற்கும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் ரோலுக்கும், கருவாடு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே பலகை, அதே கத்தி, அதே கைதான். ஈரத்துணியால் துடைப்பார்கள், தனியாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். மீன் பட்ட பாத்திரமே கூடாது என்பவராக இருந்தால் அம்மாவை இங்கே அழைத்துப் போகாதீர்கள். இரண்டு கப்பா மகியும் டீயும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மூக்கைச் சுளித்தபடி உட்கார வைப்பது அவருக்கு நியாயமில்லை.

மீன்முள்:

கர்ப்பிணிக்கு இரண்டு விஷயம் தனித்தனி: பச்சையாக இருப்பது ஒன்று, பாதரசம் இன்னொன்று.

முதலாவதற்கு "நின்ஷின்-சூ தெஸ், நாமாமோனோ நுக்கி தே" என்று சொன்னால் பச்சை எதுவும் இல்லாமல் கட்டித் தருவார்கள். வேகவைத்த இறால், ஆக்டோபஸ், அனாகோ, முட்டை, கன்ப்யோ ரோல் என்று ஒரு தட்டு நிறையும். இறாலில் கவனம்: 'எபி' வெந்தது, 'அமா-எபி' பச்சை. வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தி வெள்ளையாக, வெந்தது போலவே இருக்கும். அதுவும் பச்சைதான்.

பாதரசத்துக்கு வேகவைத்தாலும் பயனில்லை. ஜப்பான் சுகாதார அமைச்சகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்வது: புளூஃபின் டூனா, பிகை டூனா, கின்மே-தாய் (ஆழ்கடல் சிவப்பு மீன்) போன்ற மீன்கள் வாரத்துக்கு 80 கிராமுக்குள். ஒரு நிகிரியில் மீன் சுமார் 15 கிராம், ஆக ஐந்து துண்டு. இவற்றில் இரண்டு வகை சாப்பிட்டால் அளவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மற்றதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கும் தம்பிக்கும் ஒரு எச்சரிக்கை: அனிசாகிஸ் என்ற நூல் புழு. கானாங்கெளுத்தி, கணவாய், சூரை, சான்மா ஆகியவற்றில் வரும். வினிகர், உப்பு, வசாபி எதுவும் அதைக் கொல்லாது. மையப்பகுதி வரை -20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்திருக்க வேண்டும், அல்லது வெந்திருக்க வேண்டும். கடைக்காரர் கண்ணால் பார்த்து எடுப்பார், கணவாயில் நெருக்கமாகக் கீறல் போடுவார், பெரும்பாலும் அது போதுமானது. ஆனாலும் சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிறு சுருட்டிப் பிடித்தால் அசிடிட்டி மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், என்ன மீன், எப்போது சாப்பிட்டது என்று சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி வழியாகப் புழுவைப் பிடித்து எடுத்துவிடுவார்கள், வலி அதோடு அடங்கிவிடும்.

எதோகவா_வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மா பாத்திரம் வரை பார்ப்பவர் இல்லை, கப்பா மகி சாப்பிடுவார். எங்களுக்கு லீவு சனியும் ஞாயிறும்தான். ஞாயிறு மீன் பழசாக இருக்குமா? போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போகலாமா?

தொயோசு_நடை:

ரெண்டுல சனிக்கிழமை நல்லது. கடைகளுக்கு மீன் வர்ற தொயோசு மொத்தச் சந்தைக்கு ஞாயிறு லீவு, புதன்கிழமைகள்லயும் நிறைய லீவு வரும். அதனாலேயே பல கடைகள் அந்த நாள்கள்ல மூடியிருக்கும். ஞாயிறு திறந்திருந்தா அது சனிக்கிழமை வாங்கின மீன். அதுக்காகக் கெட்டதுன்னு இல்லை. டூனாவும் வெள்ளைச் சதை மீனும் ஒண்ணு ரெண்டு நாள் வச்சாத்தான் ருசி கூடும். ஞாயிறு போனா சிப்பி வகையையும் அஜியையும் (சின்ன பாரை வகை மீன்) மட்டும் விட்டுடுங்க. சனிக்கிழமை மதியம் திறக்காத கடையும் உண்டு, வாசல் அட்டையில பாத்துக்கங்க.

போன் கட்டாயம் பண்ணுங்க. நாலு பேரு, மேஜை, ஒருத்தருக்குப் பச்சை வேண்டாம், ஒருத்தருக்கு வெள்ளரிக்காய் மட்டும்னு இப்பவே சொல்லிட்டா அனாகோவும் இறாலும் போதுமான அளவு எடுத்து வச்சிருப்பாங்க. வர முடியலேன்னா முந்தின நாளே சொல்லிடுங்க, காலையில ஆள் கணக்குப் பாத்துத்தான் மீன் வாங்குறாங்க. மதியம் 12-லேருந்து 1 வரைக்கும், சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் கூப்பிடாதீங்க, கையில சோறோட நிப்பார். 3-லேருந்து 5-க்குள்ள கூப்பிடுங்க. வாசல்ல 'ஜுன்பி-சூ'ன்னு பலகை தொங்கும், தயாரிப்பு நடக்குதுன்னு அர்த்தம். உள்ள ஆள் இருப்பாங்க, எடுப்பாங்க.